எங்கள் பூட்டனாரின் பெயர் என்ன?
குடும்ப வரலாறு தேடுவோருக்குச் சில வழிகாட்டல்கள்

ஆடி அமாவாசையன்று தந்தையை இழந்தவர்கள் கீரிமலைத் தீர்த்தத்திலும் முகத்துவாரக் கடற்கரையிலும் கூடிப் பிதிர்க்கடன் செய்வது நம்மவரிடையே தொன்றுதொட்டு நிலவிவரும் வழக்கமாகும். தர்ப்பணம் செய்விக்கும் குருக்கள் தந்தையின் பெயரைக் கேட்பார், உடனே சொல்வோம். பாட்டனாரின் பெயரைக் கேட்பார்; சற்று யோசித்துச் சொல்வோம். பூட்டனாரின் பெயரைக் கேட்கும்போது பலர் பக்கத்தில் நிற்கும் தமையனின் முகத்தைப் பார்ப்பார்கள். தாய்வழியில் இந்தத் தடுமாற்றம் இன்னும் முன்னதாகவே வந்துவிடும். பெயர் தெரியாவிட்டாலும் கிரியை நடந்துவிடும். ஆனால் அந்தப் பெயர் குடும்பத்தை விட்டுப் போய்விட்டது என்பது மாறாது.

மருதானையில் வாழும் தமிழ்க் குடும்பங்களிற் பெரும்பாலானவற்றின் வேர் மருதானையில் இல்லை என்பது யாவரும் அறிந்ததே. 1905 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வடபகுதிப் புகையிரதப் பாதை கொழும்புடன் தொடுக்கப்பட்ட பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுவினைஞர்களாகவும் புகையிரதப் பகுதி ஊழியர்களாகவும் வந்திறங்கியோர் பலர். தூத்துக்குடிக் கப்பலிலும், 1914 இன் பின்னர் தனுஷ்கோடி, தலைமன்னார் வழியாகவும் வந்து கடை வைத்தோர் பலர். மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து தொழில் தேடி இறங்கி வந்தோரும் உளர். 1958 இலும், 1977 இலும், 1983 ஆடியிலும் வீடு வாசல்களை இழந்தபோது றங்குப்பெட்டியிலிருந்த கடதாசிகளும் சேர்ந்தே போயின. பின்னர் போரினாலும், 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையினாலும் ஊரிலிருந்தவையும் அழிந்தன. இன்று கனடாவிலும் இலண்டனிலும் பிறந்த பேரப்பிள்ளைகள், "எங்கட ஆக்கள் எந்த ஊர், என்ன செய்தவை?" என்று தொலைபேசியில் கேட்கின்றார்கள். விடை சொல்லக்கூடியவர்களின் தொகையோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது.

வீட்டிலிருந்த பிரதி அழிந்ததால் எல்லாமே அழிந்தது என்று முடிவு கட்டத் தேவையில்லை. நமது நாட்டின் முக்கிய பத்திரங்களிற் பல, ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகளாக எழுதப்பட்டு வெவ்வேறு இடங்களில் வைக்கப்படுபவை. போரில் சில பதிவகங்களின் ஏடுகளே அழிந்ததும் உண்டு. என்றாலும் தேடிப்பார்க்காமல் கைவிடுவதற்கு அது காரணமாகாது. உண்மையில் மறுபிரதி இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அது முதியவர்களின் ஞாபகம். எனவே அங்கிருந்தே தொடங்குவோம்.

முதியவர்களிடம் கேட்கும் முறை

கொப்பியும் பேனையுமாகப் போய் அமர்ந்து, "எங்கட குடும்பச் சரித்திரத்தைச் சொல்லுங்கோ" என்று கேட்டால் எந்த அம்மம்மாவும், "என்னத்தைப் பிள்ளை சொல்லுறது" என்றுதான் தொடங்குவார். அப்படிக் கேட்கக்கூடாது. ஒரு பொருளைப் பற்றியோ, ஒரு நாளைப் பற்றியோ கேட்க வேண்டும். "அம்மம்மா, உங்கட கலியாணத்துக்கு ஆர் மாப்பிள்ளைத் தோழன்? கூறைச்சேலை எடுத்தது எந்தக் கடையில? பந்தல் போட்டது ஆற்ற வளவுக்குள்ள?" என்று கேட்டுப் பாருங்கள். தோழன் யார் என்று சொல்லும்போது அவர் யாருடைய மகன், எந்த ஊரில் முடித்தவர், அவருக்கும் நமக்கும் என்ன முறை என்பனவெல்லாம் தாமாகவே வந்து விழும். பழைய நிழற்படத் தொகுப்பொன்றைக் கையிற் கொடுத்துவிட்டுப் பேசாமலிருப்பது இன்னும் நல்லது.

ஆண்டுக் கணக்குக் கேட்டால் முதியவர்கள் தடுமாறுவர். ஆனால் எதற்கு முன், எதற்குப் பின் என்பதை மறக்கமாட்டார்கள். கொழும்பில் யப்பான்காரன் குண்டு போட்டது 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி. பெரிய ஹர்த்தால் 1953 ஓகஸ்ட் 12. யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956. தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசெம்பர். மட்டக்களப்புச் சூறாவளி 1978 நொவெம்பர் 23. இப்படி ஒரு சிறு பட்டியலை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால், "ஹர்த்தால் நேரம் பெரியண்ணன் என்ர வயித்தில" என்ற ஒரு வசனத்திலிருந்து ஓர் ஆண்டைப் பெற்றுக்கொள்ளலாம்.

பெயர்களைக் கேட்கும்போது கூப்பிடும் பெயரையும் பதிவுப் பெயரையும் தனித்தனியே கேட்க வேண்டும். சின்னத்தங்கம் என்று ஊரெல்லாம் அறிந்த ஆச்சிக்குப் பதிவில் வேறொரு பெயர் இருக்கும். அந்தப் பெயர் தெரியாமல் எந்தக் கந்தோருக்குப் போயும் பயனில்லை. இன்னுமொரு சிக்கல், பாட்டனாரின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் நமது வழக்கம். யாழ்ப்பாணத்தில் பாட்டனையும் பேரன் என்றே அழைப்பது இதனாற்றான் போலும். வேலுப்பிள்ளையின் மகன் கந்தையா, கந்தையாவின் மகன் வேலுப்பிள்ளை, அவர் மகன் மீண்டும் கந்தையா என்று போனால், உறுதியொன்றிற் காணும் "வேலுப்பிள்ளை கந்தையா" பாட்டனாரா பேரனா என்பது பெயரை மாத்திரம் கொண்டு தெரியாது. மனைவியின் பெயரும் ஆண்டும் சேர்ந்தாற்றான் தெரியும். ஆகவே எந்தப் பெயரையும் தனியே எழுதாதீர்கள். யாருடைய மகன், யாரை முடித்தவர், எந்த ஊர் என்ற மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள்.

சொன்னவர் யார், எந்தத் திகதியிற் சொன்னார் என்பதையும் ஒவ்வொரு குறிப்பின் கீழும் எழுதுவது அவசியம். பெரியம்மா ஒன்று சொல்வார், சின்னம்மா வேறொன்று சொல்வார். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லப் போனால் ஒருவர் பேசுவதை நிறுத்திவிடுவார். கைத்தொலைபேசியிற் குரலைப் பதிவு செய்வது இப்போது எல்லோருக்கும் இயலக்கூடிய காரியம். அவர்களின் சம்மதத்தோடு செய்க.

வீட்டிலுள்ள கடதாசிகள்

அடுத்து வீட்டைத் தேடுங்கள். நம்முடைய வீட்டை மட்டுமல்ல, ஒன்றுவிட்ட சகோதரங்களின் வீடுகளையும் தேட வேண்டும். நம்மிடம் எரிந்தது அவர்களிடம் இருக்கக்கூடும். பாடசாலை விடுகைப் பத்திரம், ஓய்வூதியப் புத்தகம், கலியாண அழைப்பிதழ், பழைய கடவுச்சீட்டு, சாதக ஓலை அல்லது கொப்பி ஆகிய எல்லாமே பயன்படும்.

சாதகத்தைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். அதில் ஆங்கிலத் திகதி இராது. தமிழ் வருடப் பெயர், மாதம், திகதி, நட்சத்திரம் ஆகியனவே இருக்கும். வருடப் பெயர்கள் அறுபதாண்டுக்கொருமுறை திரும்ப வருவதால், பிரபவ என்று எழுதியிருந்தால் அது 1867 ஆகவோ, 1927 ஆகவோ, 1987 ஆகவோ இருக்கலாம். எது பொருந்தும் என்பதைப் பிள்ளைகளின் வயதைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். மேலும் தமிழ் வருடம் சித்திரையிலேயே பிறப்பதால், பிரபவ வருடத்து மாசி மாதம் என்பது 1928 பெப்ரவரி, மார்ச்சில் வரும். 1927 இல் அன்று. சாதகத் திகதியும் பதிவுத் திகதியும் ஒத்துவராதபோது சாதகத்தை நம்புவதே பெரும்பாலும் சரி என்பது எனது கருத்து. பள்ளியிற் சேர்ப்பதற்காகவும் உத்தியோகத்துக்காகவும் வயதைக் கூட்டிக் குறைத்து எழுதுவித்தவர்கள் சாதகத்தில் கைவைக்கவில்லை.

அந்தியேட்டியன்று வெளியிடப்படும் நினைவு மலரை நாம் கல்வெட்டு என்று அழைக்கின்றோம். வேறெந்தச் சமூகத்திலும் எளிதிற் காணமுடியாத ஒரு செல்வம் அது. இறந்தவரின் வரலாறு, வம்சாவளி, பிள்ளைகள், மருமக்கள், அவர்களின் ஊர்கள் யாவும் அதில் அச்சாகியிருக்கும். புலம்பல்களையும் தேவாரங்களையும் தள்ளிவிட்டு வம்சாவளிப் பக்கத்தைத் தேடிப்பிடியுங்கள். உங்கள் வீட்டில் இல்லாவிட்டால் 2005 ஆம் ஆண்டில் ஆரம்பமான நூலகம் எனும் இணைய நூலகத்தில் பாருங்கள். ஆயிரக்கணக்கான ஈழத்து நூல்களுடன் நினைவு மலர்கள், கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள் பலவும் அங்கு இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. ஒரு நூலகம் எரிந்தால் என்ன நேரும் என்பதை 1981 இல் யாழ்ப்பாணத்திற் கண்ட பின்னர் நம்மவர் செய்த மிக நல்ல காரியங்களுள் அதுவும் ஒன்று.

பதிவாளர் நாயகத்தின் ஏடுகள்

இலங்கையிற் பிறப்பு, இறப்பு, விவாகம் ஆகியவற்றை அரசு பதிவு செய்யும் முறை 1867 ஆம் ஆண்டுச் சட்டத்துடன் ஏற்பட்டது. பிரதேசப் பதிவாளரின் ஏடு ஒரு புறமிருக்க, இரட்டைப் பிரதி கொழும்பிலுள்ள மத்திய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பப்படுவது வழமை. அது நெடுங்காலம் இயங்கியது நமது அயலிலுள்ள மாளிகாவத்தையிலாகும். மருதானைச் சந்தியிலிருந்து நடந்தே போகலாம். போகுமுன் உங்களுக்கு வேண்டிய ஆண்டின் ஏடு எங்கே உள்ளது என்று விசாரித்துக்கொண்டு போவது நன்று. 1960 ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட பதிவுகள் பெருமளவில் கணினிமயப்படுத்தப்பட்டு, எந்தப் பிரதேச செயலகத்திலும் பிரதி பெறக்கூடிய ஏற்பாடும் பின்னர் செய்யப்பட்டது.

சரியான திகதி தெரியாவிட்டால் ஒரு காலப்பகுதியைக் குறிப்பிட்டுத் தேடும்படி விண்ணப்பிக்கலாம். எல்லைகளை எவ்வளவு நெருக்கமாகக் கொடுக்கிறீர்களோ அவ்வளவுக்கு வேலை இலகுவாகும். முன்னர் சொன்ன ஹர்த்தால், குண்டுவீச்சுக் கணக்கெல்லாம் இங்கேதான் கைகொடுக்கின்றது. தேடியும் பிறப்புப் பதிவு அகப்படாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் வழங்கப்படும் முறையும் உண்டு. இடம்பெயர்ந்த பலர் அதனைக்கொண்டே அடையாள அட்டை பெற்றுள்ளனர்.

பத்திரத்தைப் பெற்றதும் பெயரையும் திகதியையும் மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். இறப்புப் பத்திரத்தில் இறந்தவரின் தாய் தந்தையரின் பெயர்கள் உண்டு. 1920 இல் எண்பது வயதில் இறந்தவரின் பத்திரம் கிடைத்தால், 1840 அளவிற் பிறந்த அவரையும் அவருக்கு முந்திய தலைமுறையையும் ஒரே தாளிற் பிடித்துவிடலாம். இறப்பை அறிவித்தவரின் பெயரையும் கவனியுங்கள்; அவர் பெரும்பாலும் உறவினராகவே இருப்பார். விவாகப் பத்திரத்தில் இரு வீட்டுத் தந்தையரின் பெயரும் தொழிலும் இருக்கும். ஆனால் அக்காலத்திற் சைவ முறைப்படி தாலி கட்டியதோடு நின்றவர்கள் பலர். பதிவில்லை என்பதால் விவாகமில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

எல்லாவற்றிலும் சுவாரசியமானது பிறப்புப் பத்திரமே. அதன் பழைய படிவத்தில், பாட்டனார் இலங்கையிற் பிறந்தவராயின் அவருடைய முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று ஒரு கூடு உண்டு. பூட்டனாரைக் குறித்தும் ஒரு கூடு உண்டு. பிள்ளையின் பிறப்பைப் பதியும்போது பாட்டனும் பூட்டனும் எதற்கு என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, வம்சாவளியாற் பிரஜை ஆவதற்குத் தந்தை இந்நாட்டிற் பிறந்தவராக இருத்தல் வேண்டும். அல்லாவிடின் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருத்தல் வேண்டும். அதாவது பூட்டனார் எங்கே பிறந்தார் என்ற கேள்விக்கு விடை இல்லாதவன் நாடற்றவனாகக் கூடிய நிலை ஒரு காலத்தில் இருந்தது. குடும்ப வரலாறு வேலையற்றோரின் பொழுதுபோக்கு என்று கூறுவோர் இதனைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

மலையகத்தாரும் இந்தியாவிலிருந்து வந்தோரும்

இச்சட்டத்தினாற் பெரிதும் பாதிக்கப்பட்டவர்கள் மலையகத் தமிழர். அவர்களின் வேரைத் தேடுவது ஏனையோரிலும் கடினமானது. அதற்குக் காரணமும் உண்டு. மொரிசியசுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட இந்தியரின் பெயர், ஊர், தந்தை பெயர் முதலியன பெரும் பதிவேடுகளாக எழுதப்பட்டன. அவை இன்றும் அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்திற் பேணப்படுகின்றன. இலங்கைக்கு வந்தவர்களோ கங்காணி முறையில், கூட்டங் கூட்டமாக அழைத்துவரப்பட்டவர்கள். ஆளுக்கொரு ஒப்பந்தமோ, மொரிசியசில் உள்ளதைப் போன்ற பட்டியலோ இல்லை. தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகர வில்லை ஒன்றே பலருக்கு வழிப்பத்திரமாக அமைந்தது. ஆகவே இவர்கள் தேடவேண்டியது தோட்டத்தின் பெயரையும் கங்காணியின் பெயரையுமாகும். ஒரே கங்காணியின் கீழ் வந்தோர் பெரும்பாலும் அயலூர்க்காரர்களாகவோ உறவினர்களாகவோ இருந்தமையால், கங்காணியின் ஊரைக் கண்டுபிடித்தால் நமது ஊரை நெருங்கிவிட்டோம் எனலாம். தோட்டத்துச் செக்றோல், பிறப்பு இறப்புக் குறிப்புகள், தோட்டப் பாடசாலையின் சேர்வு இடாப்பு ஆகியன எஞ்சியிருந்தால் அவையும் உதவும்.

இரண்டாவது வழி பிரஜாவுரிமைக் கடதாசிகள். 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்கள், தாம் எத்தனை ஆண்டுகள் தொடர்ந்து இங்கே வாழ்ந்தனர் என்பதை எழுத்து மூலம் நிரூபிக்க வேண்டியிருந்தது. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று வகுத்தது. அப்போதும் குடும்பம் குடும்பமாகப் படிவங்கள் நிரப்பப்பட்டன. எம்மை வெளியே அனுப்புவதற்காக எழுதப்பட்ட அந்தக் கடதாசிகளே இன்று எமது முன்னோரின் பெயரையும் கிராமத்தையும் சொல்லுகின்றன. அவற்றை ஆத்திரத்தில் எரித்துவிட்டவர்களும் உண்டு. அவர்களைக் குறைகூற முடியாது. இந்தியா சென்ற கிளையினரைத் தேடுவோர் நீலகிரி மாவட்டத்தில், சிறப்பாகக் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களில் விசாரிப்பது நல்லது. திரும்பிச் சென்றோருக்கு வேலை வழங்குவதற்கென்றே 1968 இல் தமிழ்நாடு அரசு அங்கு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது.

வர்த்தகக் குடும்பங்களுக்குப் பேரேடுகள் உண்டு. செட்டியார் தெருவிற் கதிரேசன் ஆலயங்களை அமைத்து ஆடிவேல் விழா எடுத்த நாட்டுக்கோட்டை நகரத்தாருக்கோ கோயிலே பதிவகமாகும். இளையாற்றங்குடி, பிள்ளையார்பட்டி முதலிய ஒன்பது நகரக் கோயில்களுள் ஒன்றைச் சேர்ந்தவராகவே ஒவ்வொரு குடும்பத்தவரும் கணிக்கப்படுவர். திருமணமானதும் கணவன் மனைவி இருவரும் ஒரு புள்ளியாகக் கோயிற் கணக்கில் ஏறுவர். வட இந்தியாவில் ஹரித்துவாரப் பண்டாக்களும் யாத்திரிகர்களின் குடும்ப விபரங்களைத் தலைமுறை தலைமுறையாக நீண்ட ஏடுகளில் எழுதி வருகின்றனர். அங்கு செல்லும் மகன், தன் பாட்டன் வந்துபோன திகதியை அந்த ஏட்டிற் காணலாம். நமது கோயில்களில் அப்படியொரு முறை இல்லாவிட்டாலும் உபயகாரர் பட்டியல்கள், திருப்பணிக்குப் பணம் கொடுத்தோரின் பெயர் பொறித்த கற்கள், பழைய கும்பாபிஷேக மலர்கள் ஆகியன இருக்கின்றன. ஓர் உபயம் தந்தைக்குப் பின் எந்த மகனுக்குச் சென்றது என்பதை அடுத்தடுத்த ஆண்டுகளின் திருவிழா அறிவித்தல்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே தெரியும்.

உறுதி சொல்லும் பெண்வழி

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர்களுக்கு எல்லாவற்றிலும் மேலான சான்று காணி உறுதியாகும். அதற்கு ஒரு விசேட காரணம் உண்டு. நமது பெயர் ஆண்வழியிற் செல்லுகின்றது. தந்தையின் பெயர் முன்னெழுத்தாக வருகின்றது. விவாகமானதும் பெண்ணின் தந்தை பெயர் மறைந்து கணவன் பெயர் ஒட்டிக்கொள்கின்றது. இதனாற் பாட்டியின் தாயாருடைய பெயரை எந்தப் பெயரிலிருந்தும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் வீடும் வளவும் பெரும்பாலும் பெண்வழியிற் சென்றவை. 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமைச் சட்டம் முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை மூன்றாகப் பிரிக்கின்றது. தாயின் சீதனம் மகளுக்குச் சீதனமாகப் போகும். எனவே இன்று நம் சகோதரியின் பெயரிலுள்ள வளவின் உறுதியை எடுத்து அதன் உரித்துப் பந்தியை வாசித்தால், இன்ன ஆண்டு இன்ன நொத்தாரிசு முடித்த இன்ன இலக்கச் சீதன உறுதிப்படி தாயாருக்கு உரித்தானது என்றிருக்கும். அந்த உறுதியை எடுத்தால் தாயாரின் தாயார் வருவார். அதற்கு முந்தியதை எடுத்தால் அவருடைய தாயார் வருவார். பெயர்கள் மறைத்த பெண்களையெல்லாம் காணி காட்டிக்கொடுக்கும்.

கைவசமுள்ள உறுதி தொலைந்துவிட்டதே என்று கலங்க வேண்டாம். நொத்தாரிசு ஒருவர் உறுதி முடிக்கும்போது ஒரு பிரதியை உரியவருக்குக் கொடுத்து, ஒன்றைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, இன்னொன்றை மாதந்தோறும் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். பதிவகத்திற் காணிக்குக் காணி தாள் திறந்து, கைமாறிய ஒவ்வொரு முறையும் பதியப்பட்டிருக்கும். காணியின் பெயரும் ஊரும் தெரிந்தால் தேடத் தொடங்கலாம். ஆகவே அம்மம்மாவிடம் கேட்கும் கேள்விகளில் வளவின் பெயரை மறந்துவிட வேண்டாம். வீதி இலக்கம் தெரிந்தவர்களுக்கும் வளவின் பெயர் தெரிவதில்லை. உறுதியில் இருப்பதோ வளவின் பெயர்தான்.

உறுதியின் எல்லைகளையும் வாசிக்க வேண்டும். கிழக்கே இன்னாரின் காணி, தெற்கே இன்னாரின் காணி என்று நான்கு பெயர் வரும். ஒரு தாயின் வளவு நான்கு பெண்களுக்குப் பிரிக்கப்பட்டபோது எல்லைக்காரரே சகோதரிகளாகிவிடுகின்றனர். காணி குறித்து நீதிமன்றம் சென்ற குடும்பமாயின், ஒரு வகையில் அதிர்ஷ்டம் என்றே கூறுவேன். பங்குபிரிப்பு வழக்கிற் குடும்பத்தின் வம்சாவளி அட்டவணையைச் சமர்ப்பித்தாக வேண்டும். பாட்டனார் சகோதரரோடு சண்டை பிடித்த வழக்கு, பேரனுக்கு ஐந்து தலைமுறை அட்டவணையாகக் கிடைக்கும்.

சுவடிகளும் பத்திரிகைகளும்

கொழும்பு 7 இல் அமைந்துள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர் ஆட்சிக்கால ஆவணங்கள் பெருந்தொகையாக உள்ளன. இவை உட்பட ஒல்லாந்துக் கம்பனியின் சுவடிகள் 2003 இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டன. தோம்பு எனப்படும் காணி, குடும்பப் பதிவேடுகள் இவற்றுட் புகழ்பெற்றவை. ஆனால் இவை பழைய ஒல்லாந்த மொழியிலும் கையெழுத்திலும் இருப்பதால் புதிதாகத் தொடங்குவோர் இங்கே முதலில் வருவதில் பயனில்லை. நூற்றைம்பது ஆண்டுகளை மற்றப் பத்திரங்களால் நிரப்பிய பின்னரே வர வேண்டும். நேரே தோம்புக்குத் தாவி, கண்ட பெயரைத் தம் மூதாதையாக்கிக் கொண்டவர்கள் உண்டு.

பழைய பத்திரிகைகளும் அங்கே பார்வையிடக் கிடைக்கும். 1930 இல் ஆரம்பமான வீரகேசரி, 1932 இல் ஆரம்பமான தினகரன் ஆகியவற்றின் மரண அறிவித்தல்களை வாசியுங்கள். இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மாமனாரும், இன்னாரின் மைத்துனரும் என்று நீளும் அந்த அறிவித்தலைக் கேலி செய்வோர் உண்டு. என்னைக் கேட்டால் அதைவிடச் சுருக்கமாக ஒரு குடும்ப மரத்தை வேறெவராலும் வரைய முடியாது. இறந்த திகதி தெரிந்தால் அடுத்த மூன்று நாட்களின் பத்திரிகையைப் பார்த்தாற் போதும். அரச உத்தியோகத்தராக இருந்தவர்களின் நியமனங்களை வர்த்தமானியிற் பார்க்கலாம். மலாயாவுக்குச் சென்றோரைத் தேடுவோருக்கு எஸ். துரைராஜசிங்கம் எழுதிய மலாயா, சிங்கப்பூர் இலங்கையரின் நூறாண்டு வரலாறு (1867–1967) பற்றிய ஆங்கில நூல் பயன்படும். வெள்ளவத்தைக் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்திற் பழைய மலர்களையும் சஞ்சிகைகளையும் கேட்டுப் பாருங்கள்.

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஏடுகளிலும் அட்டவணைகளிலும் தேடும்போது ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். நமது பெயரை ஆங்கிலத்தில் எழுதியவர் தமது காதுக்குக் கேட்டபடி எழுதினார். ஞானசேகரம் என்பது ஜீ எழுத்தின் கீழும் இருக்கலாம், என் எழுத்தின் கீழும் இருக்கலாம். இலட்சுமியை ஐ, எல் என்னும் இரண்டிலும் தேட வேண்டும். ஐயாத்துரை ஏ எழுத்திலோ ஐ எழுத்திலோ இருப்பார். ஓரிடத்திற் காணவில்லை என்றவுடன் திரும்பி வந்துவிடக் கூடாது.

எதனை நம்புவது, எதனை எழுதுவது

ஒரு செய்தியை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சான்றுகள் கூறினால் ஏற்றுக்கொள்ளலாம். கல்வெட்டும் மரண அறிவித்தலும் ஒரே மருமகன் எழுதியதாக இருந்தால் அவை இரண்டல்ல, ஒன்றே. தாம் ஆரியச் சக்கரவர்த்திகளின் வழித்தோன்றல் என்று கூறிக்கொள்ளும் குடும்பங்கள் பல. இடையிலுள்ள பதின்மூன்று, பதினான்கு தலைமுறைகளின் பெயரைக் கேட்டாற் சிரித்து மழுப்பிவிடுவர். இராசபரம்பரை என்று எழுதுவதிலும், தரகுக்கடை வைத்திருந்தார், வண்டில் ஓட்டினார் என்று பெயரோடும் ஊரோடும் எழுதுவது மேல்.

தேடும்போது விரும்பத்தகாதவையும் வெளிவரும். யாரும் பேசாத முதல் தாரம், தத்தெடுத்த பிள்ளை, சாதி பற்றிய குறிப்பு என்று ஏதாவது ஒன்று நிச்சயம் வரும். உங்கள் கொப்பியில் உள்ளதை உள்ளவாறு எழுதிவையுங்கள். ஆனால் உயிரோடிருப்பவரைப் பற்றியதை அவரது சம்மதமின்றி அச்சிலோ இணையத்திலோ வெளியிடக் கூடாது. பிறந்த திகதியையும் தாயாரின் கன்னிப் பெயரையும் வங்கிகளே இரகசியக் கேள்வியாகக் கேட்கின்ற காலமிது. அவற்றையும் பகிரங்கப்படுத்த வேண்டாம்.

சேர்த்தவற்றை ஒரே இடத்தில் வைத்திருப்பது மீண்டும் றங்குப்பெட்டிக் கதையாகவே முடியும். கொழும்பில் ஒரு பிரதி, ஊரில் ஒரு பிரதி, வெளிநாட்டில் ஒரு பிரதி என மூன்றிடத்தில் வையுங்கள். பழைய கடதாசிகளிலுள்ள குண்டூசிகளையும் கிளிப்புகளையும் கழற்றிவிட வேண்டும். துருப்பிடித்து எழுத்தைத் தின்றுவிடும். கிழிந்த இடத்தில் செலோரேப் ஒட்டக் கூடாது. நிழற்படங்களின் பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுங்கள். நிற்பவர், இருப்பவர் எல்லோரையும் எழுதி, படம் எடுக்கும்போது ஆடி அசைந்து முகம் தெளியாமற்போன அந்தச் சின்னப்பிள்ளை யார் என்பதையும், சொல்லத் தெரிந்தவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.